கப்பலேறிய எருமை

அந்தப் போர் விமானத்துக்குக் கடற்படை வைத்த பெயர் ‘கடற்சிம்மம்’. பெயர் வைப்பதற்கென்றே ஒரு குழு உட்கார்ந்து, டீயும் பிஸ்கட்டுமாக நாள்கணக்கில் யோசித்தது. விமானிகள் யோசிக்கவே இல்லை. முதல் விமானத்தைத் தொழிற்சாலைக் கொட்டகையிலிருந்து வெளியே இழுத்து வந்த அன்று, கருஞ்சாம்பல் நிறத்தில், அகன்ற முதுகும் தொங்கிய வயிறுமாக அது மழைத்தண்ணீர் தேங்கிய இடமாகப் பார்த்துப் போய் நின்றது. யாரோ ஒருவர் ‘எருமை’ என்றார். அத்தோடு முடிந்தது. அதற்கப்புறம் சிம்மம் காகிதத்தில் மட்டும்தான் உலாவியது.

எருமையைக் குறை சொல்லிப் பயனில்லை. கேட்டவர்கள் அப்படிக் கேட்டிருந்தார்கள். படுவேகமாகப் பறக்க வேண்டும், ஆனால் கப்பல்மேல் இறங்கும்போது பூனைபோல் மெதுவாக வர வேண்டும். குண்டுகளை வண்டி வண்டியாகச் சுமக்க வேண்டும், எடை மட்டும் கூடக் கூடாது. இறக்கைகள் நீண்டிருக்க வேண்டும், விமானத்தைக் கீழ்த்தளத்துக்கு இறக்கும் கப்பலின் லிஃப்டுக்குள் நுழையும்போது மடங்கவும் வேண்டும். நடுக்கடலில் எஞ்சின் நின்றுபோனால் விமானி நீந்தித்தான் வீட்டுக்கு வர வேண்டியிருக்கும் என்பதால் எஞ்சின் இரண்டு வேண்டும். ஒரே பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிறவர்கள்கூட இத்தனை நிபந்தனை போட்டதில்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டி வந்தார் தலைமை வடிவமைப்பாளர். ஒவ்வொரு திருகாணியையும் உள்ளங்கையில் வைத்து, “இதுல கொஞ்சம் குறைக்க முடியாதா?” என்று கேட்பது அவர் வழக்கம். அதனால் அவருக்கு ‘தராசு’ என்று பெயர்.

விமானத்தின் அடிவயிற்றில் தொங்கும் கொக்கியைச் செய்தவனுக்கு ‘கொக்கி’ என்று பெயர். சம்பளப் பிரிவில்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவன் வேலை செய்த அறை கேன்டீனுக்குப் பின்னால், பாத்திரம் கழுவும் இடத்தை ஒட்டி இருந்தது. எஞ்சின்காரர்களுக்கு ஏசி அறை, இறக்கைக்காரர்களுக்குக் கண்ணாடி அறை; கொக்கிக்குக் காது நிறையப் பாத்திரச் சத்தம். ஆனால் கொக்கி இல்லாமல் அந்த விமானம் கடற்படை விமானமே இல்லை. கப்பலின் மேல்தளம் கையகலம். அதில் குறுக்கே இழுத்துக் கட்டிய இரும்பு வடங்களில் ஒன்றைக் கொக்கி கவ்விப் பிடித்தால்தான் விமானம் நிற்கும். பிடிக்காவிட்டால், ஓட்டுகிறவர் எஞ்சினை முழுமூச்சில் முடுக்கித் தளத்தின் மறுமுனை வழியே மறுபடி மேலே ஏற வேண்டும். ஏற முடியாவிட்டால் மீன்களுக்கு விருந்தாளி.

எருமையை முதலில் ஓட்டிப் பார்க்கும் சோதனை விமானியாகக் கடற்படை அனுப்பி வைத்தது கொக்கியின் சொந்தத் தங்கையை. இது சரிப்படுமா என்று யாரோ கேட்டபோது, ஏதாவது ஆனால் பழி ஒரே குடும்பத்துக்குள் முடிந்துவிடும் அல்லவா என்று தராசு சொன்னதாகக் கேள்வி. அண்ணன் ஊஞ்சலில் ஏறினாலே தலை சுற்றி விழுகிறவன். தங்கை சிறுவயதில் வீட்டுக் கூரைமேல் சைக்கிளை ஏற்ற முடியுமா என்று பார்த்தவள். ஏற்றியும் காட்டினாள். இறக்கத்தான் தீயணைப்பு வண்டி வரவேண்டியிருந்தது.

எருமை பறந்தது. அதுவும் நன்றாகவே பறந்தது. பார்க்கத்தான் மந்தம், மேலே போனதும் பருந்து என்று தங்கையே ஒப்புக்கொண்டாள். வம்பு இறங்குவதில் வந்தது. தரையில் கப்பல்தளம்போலவே கோடு போட்டு, வடம் கட்டி வைத்திருந்த ஓடுதளத்தில் அவள் இறங்கிப் பார்த்தாள். கொக்கி சில நாள் வடத்தைப் பிடித்தது. பல நாள் பிடிக்காமல், பழகாத வீட்டுக்கு வந்த விருந்தாளிபோல் வடத்தை மிதிக்காமல் தாண்டிப் போயிற்று.

ஏன் என்று கண்டுபிடிக்கக் கூட்டம் போட்டார்கள். கொக்கியில் கோளாறு என்றாள் தங்கை. ஓட்டுவதில் கோளாறு என்றார் தராசு. இரண்டு பேரும் கொக்கியைப் பார்த்தார்கள். அவன் தன் கணக்கை நம்பினான். பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணமெல்லாம் இல்லை. ராப்பகலாகப் போட்ட கணக்கு, அதில் தப்பே தெரியவில்லை. அதனால், விமானி மூக்கை அளவுக்குமேல் தூக்கிக்கொண்டு இறங்குவதாகத் தோன்றுகிறது என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னான். தராசு அதை அப்படியே அறிக்கையில் ஏற்றினார். தங்கை ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். கதவைச் சாத்திய விதத்தில் சுவரிலிருந்த கடற்சிம்மத்தின் படம் கோணிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வழக்கம்போல் அண்ணன் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். தட்டில் கை வைத்ததுதான் தாமதம்.

“மூக்கத் தூக்குறேன்னு சொன்னியே, நீ எப்பவாவது ஒரு தடவை மேல வந்து பாத்திருக்கியா?”

“அது கணக்கு. மேல ஏறிப் பாக்க வேண்டிய அவசியமில்ல.”

“கணக்கு கீழயே சொகமா உக்காந்திருக்கும். நான் மட்டும் மேல போய்ச் சாகணும்.”

அண்ணி பல் டாக்டர். தினமும் ஊர்ப்பட்ட வாய்களைப் பார்த்துவிட்டு வருகிறவள். இரண்டு பேரும் இப்படிப் பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டே சாப்பிட்டால் கடைசியில் தன் நாற்காலியில்தான் வந்து மல்லாக்கப் படுக்க வேண்டியிருக்கும் என்று சொல்லிப் பார்த்தாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தங்கை தண்ணீரைக் குடித்துவிட்டு நிதானமாகச் சொன்னாள். அடுத்த வாரம் உண்மையான கப்பலில் முதல் இறக்கம். மந்திரி வேடிக்கை பார்க்க வருகிறார், தேதி மாறாது. விமானத்தில் பின்னால் இன்னொரு இருக்கை உண்டு. கருவிகளைக் கவனிக்க ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். யார் வேண்டும் என்று அட்மிரல் கேட்டாராம். “கொக்கியப் பத்திச் சொன்னா நம்பமாட்டேங்கிறாங்க. அதான் கொக்கியவே கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டேன்.”

கொக்கி முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தான். மனைவியும், பரிமாறிக்கொண்டிருந்த அம்மாவும், தங்கையும் மூன்று பக்கமும் அவன் முகத்தையே பார்த்தார்கள். “வர்றேன்” என்று வேறு யாரோ சொன்னதுபோல் அவனுக்கே கேட்டது.

அம்மாவுக்கு ஒரே கவலைதான். “ரெண்டு பேரும் ஒரே வண்டில எதுக்குப் போறீங்க? ஒருத்தர் படகுல போகக் கூடாதா?”

அந்த நாள் காலை வானம் பளிச்சென்று இருந்தது. தப்பிக்க மழைகூட வரவில்லை. கொக்கியை உடுப்பில் நுழைத்து, வார்களால் வரிந்து கட்டிப் பின்னிருக்கையில் இறக்கினார்கள். எந்தப் பிடியைத் தொட வேண்டும், எந்தப் பிடியைத் தொடவே கூடாது என்று ஒரு மெக்கானிக் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். தொடக் கூடாதது மஞ்சள் நிறத்தில் இரண்டு தொடைக்கும் நடுவில் இருந்தது. இழுத்தால் இருக்கையோடு ஆகாயத்தில் தூக்கி எறிந்துவிடும். கொக்கி இரண்டு கையையும் தோள்மேல் பெருக்கல் குறியாக வைத்துக்கொண்டான்.

கடல்மேல் போய்ச் சேருவதற்குள் இரண்டு காகிதப் பையை நிரப்பிவிட்டான். முன்னாலிருந்து தங்கை என்ன செய்கிறாய் என்று கேட்டாள். கருவிகளைக் கவனிப்பதாகச் சொன்னான்.

கீழே கப்பல் தெரிந்தது. ஆயுசில் பாதியை அந்தத் தளத்தின் நீள அகலத்தை எழுதுவதில் கழித்தவன் அவன். தாளில் அது மைதானமாக இருந்தது. மேலேயிருந்து பார்க்க, யாரோ தண்ணீரில் தவறவிட்ட சோப்புக்கட்டிபோல் கிடந்தது. போதாக்குறைக்கு ஆடவும் செய்தது.

தங்கை விமானத்தின் அடிவயிற்றுக் கொக்கியைக் கீழே இறக்கிவிட்டு, முதல்முறை வந்தாள். சக்கரங்கள் தளத்தில் இடித்தன. முதுகெலும்பு வழியாக ஒரு ‘டடக்’, ஒட்டினாற்போல் ‘கிர்ர்ர்’ என்று இரும்பு உரசும் ஓசை. விமானம் நிற்கவில்லை. இரண்டு எஞ்சினும் அலற, தளத்தின் விளிம்பு காலடியில் மறைய, கடல் எழும்பி வர, அப்புறம் வானம் வந்தது. கொக்கி கண்ணை மூடவில்லை, மூட மறந்துவிட்டான்.

கீழே மந்திரி கைதட்டினாராம். தரையைத் தொட்டுவிட்டு மறுபடி பறப்பது ஒரு வித்தை என்று நினைத்துக்கொண்டார். அட்மிரலும் வேறு வழியில்லாமல் தட்டினார். அதிகாரி தட்டினால் மற்றவர்களும் தட்ட வேண்டியதுதானே. தளமே ஆரவாரமாக இருந்ததாம்.

இரண்டாம்முறையும் அதேதான். டடக், கிர்ர்ர், கடல், வானம். கீழே இன்னும் பலமாகக் கைதட்டல்.

மேலே ஏறித் திரும்பும்போது இடதுபக்க எஞ்சினின் சிவப்பு விளக்கு எரிந்தது. எண்ணெய் அழுத்தம் விழுந்துகொண்டிருந்தது. தங்கை அந்த எஞ்சினை அணைத்தாள். சத்தம் பாதியானதை வைத்துத்தான் பின்னாலிருந்தவனுக்கு விஷயம் தெரிந்தது.

“ஒண்ண நிறுத்திட்டேன்” என்றாள். “இன்னொண்ணு இருக்கு. அதுக்குத்தானே ரெண்டு வச்சீங்க.”

“கரைக்குத் திரும்பிடலாமே?”

“அவ்ளோ தூரம் இது தாங்காது. இன்னொரு தடவை இறங்கிப் பாக்கலாம். பிடிக்கலேன்னா ஒத்த எஞ்சின்ல மறுபடி ஏற முடியுமான்னு சந்தேகந்தான். நான் சொன்ன ஒடனே அந்த மஞ்சப் பிடிய இழுத்துடு. நீச்சல் தெரியுமில்ல?”

“தெரியாதுன்னு உனக்குத் தெரியும்.”

அவள் அகலமாக ஒரு வட்டம் எடுத்தாள். அந்த வட்டத்துக்குள் கொக்கியின் மூளை, உடம்பின் மற்ற பாகங்களெல்லாம் கைவிட்ட நேரத்தில், தன் போக்கில் வேலை செய்யத் தொடங்கியது. டடக், கிர்ர்ர். டடக் என்றது சக்கரம் வடத்தின்மேல் ஏறி இறங்கிய சத்தம். கிர்ர்ர் என்றது கொக்கி தளத்தை உரசியது. இரண்டுக்கும் நடுவில் மூச்சுவிடக்கூட இடைவெளி இல்லை. சக்கரம் ஏறினால் வடம் தளத்தோடு தளமாக நசுங்கிப் படுத்துக்கொள்ளும். அது எழுந்திருக்க ஒரு கணம் வேண்டும். அந்தக் கணம் கொடுக்காமல் கொக்கி பின்னாலேயே வந்து, படுத்துக் கிடக்கும் வடத்தைத் தாண்டிப் போகிறது. பழைய விமானங்களில் கொக்கி வாலோரத்தில், சக்கரத்துக்கு எட்டத்தில் இருந்தது. எருமைக்கு வால் நிறைய இரண்டு எஞ்சின் உட்கார்ந்துகொண்டதால் கொக்கியை முன்னால் தள்ளிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். வைத்தவன் அவன்தான். வடம் எழுந்திருக்கும் நேரத்தைப் பழைய விமானத்தின் கணக்கிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டவனும் அவன்தான்.

வடத்தை நசுக்குவதற்கு முன்னால் பிடிக்க வேண்டும். சக்கரத்துக்கு முந்திக் கொக்கி தளத்தைத் தொட வேண்டும். அப்படியென்றால் வால் இன்னும் தாழ வேண்டும். வால் தாழ வேண்டுமென்றால்...

கொக்கிக்கு வியர்த்தது. இத்தனை நேரம் பயத்தில் வராத வியர்வை.

“கேளு. மூக்கத் தூக்கு.”

“என்ன சொன்னே?”

“மூக்க நல்லாத் தூக்கிக்கிட்டு எறங்கு. கொக்கி மொதல்ல தொடணும், சக்கரம் அப்புறம். வடத்த நாமதான் மிதிச்சு நசுக்குறோம்.”

“கூட்டத்துல நீ வேற மாதிரி சொன்ன மாதிரி ஞாபகம்.”

“தப்பா சொன்னேன். உன்மேல தப்பில்ல, என்மேலதான். எறங்கினப்புறம் எல்லார் முன்னாடியும் சொல்றேன். இப்ப தூக்கு.”

“தூக்கினா எனக்குத் தளம் தெரியாது. வால் இடிக்கும்.”

“இடிக்கட்டும். அது தராசோட வால்.”

அவள் சிரித்த சத்தம் ஹெல்மெட்டுக்குள் கேட்டது. கூட்டம் நடந்த நாளிலிருந்து அவன் கேட்காத சிரிப்பு. அவ்வளவுதான், பேச்சு நின்றுவிட்டது. கப்பல் மெல்ல மெல்லப் பெரிதாகி, பிறகு எருமையின் மூக்குக்குப் பின்னால் மறைந்தே போனது. தளத்தின் ஓரத்தில் வழிகாட்டும் விளக்கை மட்டும் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டு, ஒரே எஞ்சினின் இழுப்பைக் காலால் சமாளித்துக்கொண்டு, தங்கை எருமையை ஏறக்குறைய உட்கார வைத்தபடி கொண்டுவந்தாள்.

முதலில் வால் இடித்தது. தகரக்கடை இடிந்து விழுந்ததுபோல் ஒரு சத்தம். அதற்குப் பின், யாரோ சட்டைக் காலரைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்து இழுத்ததுபோல், கொக்கியின் உடம்பு முழுக்க வார்களில் போய் மோதியது. விமானம் நின்றது. கடைசி வடம். அதற்கு அப்பால் கடல்தான்.

கொக்கியால் இறங்க முடியவில்லை. மாலுமிகள் இரண்டு பேர் அவனை மூட்டைபோல் தூக்கி இறக்கினார்கள். மந்திரி கைகுலுக்க வந்தார். பிரமாதமாக இருந்தது, இன்னொரு சுற்று வந்திருக்கலாமே என்றார். கொக்கி ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். தங்கை சட்டென்று அவனைத் திருப்பிக் கடல்பக்கமாக நிறுத்தினாள். மந்திரியின் காலணி தப்பியது.

அடுத்த கூட்டத்தில் கொக்கி எழுந்து நின்றான். விமானி ஓட்டிய விதத்தில் தப்பே இல்லை, கொக்கியை வைத்த இடம் தப்பு, கணக்கும் தப்பு, இரண்டும் தன்னுடையவை என்றான். தன் தப்பைத் தானே சொல்லும் பழக்கம் அந்தக் கட்டடத்தில் அதற்குமுன் கிடையாது. அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று அறிக்கை எழுதுகிறவருக்கே தெரியவில்லை. தராசு சுதாரித்துக்கொண்டார். மூக்கைத் தூக்கி இறங்குவதைத்தான் தாம் ஆரம்பத்திலிருந்தே ஆதரித்து வந்ததாகவும், எல்லா விமானிகளும் இனி அப்படியே இறங்கினால் எதையும் மாற்ற வேண்டியதில்லை என்றும் சொன்னார்.

தங்கை எழுந்து, தாராளமாகச் செய்யலாம், முதல் இறக்கத்துக்குப் பின்னிருக்கையில் தராசு வரட்டும் என்றாள். தராசுக்கு ரத்த அழுத்தம் இருந்தது. டாக்டர் சீட்டே இருந்தது. ஆகவே கொக்கியை மாற்றுவது என்று முடிவாயிற்று.

மாற்றுவது லேசில் நடக்கவில்லை. கொக்கியைப் பின்னால் தள்ள இரண்டு எஞ்சினுக்கும் நடுவில் இடம் வேண்டும். எஞ்சின்காரர்கள் பாகப்பிரிவினை வழக்குபோல் ஒவ்வொரு விரற்கடைக்கும் சண்டை போட்டார்கள். கொக்கி அவர்களுடைய ஏசி அறையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டான். இடம் கொடுக்கும்வரை எழுந்திருக்கவில்லை. கொக்கியின் நுனியையும் மாற்றினான். படுத்துக் கிடக்கும் வடத்துக்கு அடியில்கூட நுழைந்து வாரி எடுக்கும்படி, வாத்தின் அலகுபோல் தட்டையாக்கினான். எடை கூடியது. அந்த எடையைக் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்ட அன்று தராசு மதியச் சாப்பாட்டுக்குப் போகவில்லை.

புதுக் கொக்கியோடு தங்கை கப்பலில் இறங்கினாள். பிடித்தது. மறுபடி இறங்கினாள், மறுபடியும் பிடித்தது. சலித்துப்போகும்வரை பிடித்தது. இந்தமுறை மந்திரி வரவில்லை. வராததால் யாரும் கைதட்டவும் இல்லை.

எருமை சேவைக்கு வந்த விழாவில் தராசுக்குப் பதக்கம் குத்தினார்கள். அது எத்தனை கிராம் இருக்கும் என்று அவர் மேடையிலேயே கையில் நிறுத்துப் பார்த்ததை எல்லாரும் பார்த்தார்கள். தங்கைக்கு எருமைப் படைப்பிரிவின் தலைமை கிடைத்தது. கொக்கிக்குக் கேன்டீனுக்கு முன்பக்கத்தில் ஓர் அறை கிடைத்தது.

அப்புறம் எருமை வருஷக்கணக்காகக் கடலில் வேலை பார்த்தது. பெரிய யுத்தமொன்றும் வாய்க்கவில்லை. பக்கத்து நாட்டு உளவு விமானங்களை எல்லை வரை கொண்டுபோய் வழியனுப்பியது. ஒருமுறை எதிரி என்று நினைத்து வானிலை பலூன் ஒன்றைப் பெரும் வீரத்தோடு சூழ்ந்துகொண்டது. புயலில் சிக்கிய மீன்பிடிப் படகுகளைத் தேடிக் கண்டுபிடித்தது. ஆனால் ஒற்றை எஞ்சினோடு கப்பலுக்குத் திரும்பி வந்தவர்கள் நிறையப் பேர். பறவை மோதி ஒன்று போயிற்று, எண்ணெய்க் குழாய் வெடித்து ஒன்று போயிற்று. இன்னொன்றை வைத்து வந்து இறங்கி, வடத்தைப் பிடித்து, சாப்பிடப் போனார்கள். எருமையைத் திட்டாத விமானி கிடையாது. வேறு விமானம் தருகிறோம் என்றால் வாங்கிக்கொண்ட விமானியும் கிடையாது.

புகார் வராமல் இருக்குமா, வந்தது. கொக்கி வடத்தைப் பிடித்தால் விடமாட்டேன் என்கிறதாம். விமானம் இறங்கியதும் வடத்தைக் கழற்றி, அடுத்த விமானத்துக்குத் தளத்தைக் காலி செய்ய வேண்டும். கழற்ற முடியாமல் தள ஊழியர்கள் கடப்பாரையோடு மல்லுக்கட்டுகிறார்கள். நேரில் வந்து பார்க்கும்படி கொக்கிக்கு உத்தரவு வந்தது.

இந்தமுறை அவன் படகிலேயே போனான்.

தளத்தில் காற்று ஆளைத் தள்ளியது. அப்போதுதான் இறங்கிய எருமையின் வாலுக்கடியில், காதை மூடிய கவசத்தோடு ஒரு தடித்த ஊழியர் குனிந்து, அலகுக்குள் சிக்கிக் கிடந்த வடத்தைக் கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருந்தார். நெம்பும் ஒவ்வொரு தடவையும் அதைச் செய்தவனின் பரம்பரையையே வரிசையாகக் கூப்பிட்டார். பக்கத்தில் வந்து நின்றவனை நிமிர்ந்து பார்த்தார்.

“எந்த வீணாப்போனவன் சார் இதச் செஞ்சான்? உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியலீங்களே” என்றான் கொக்கி. “யாரோ கணக்குத் தெரியாதவன் போல.”

“மேல அடுத்த வண்டி சுத்திக்கிட்டு நிக்குது. அதுல இருக்கிறது எங்க தலைவி. ஒரு நிமிஷம் லேட்டானா ரேடியோல என் காது கிழியும்.”

கொக்கிக்கு அந்தக் குரல் எப்படியிருக்கும் என்று நன்றாகவே தெரியும். அவன் கோட்டைக் கழற்றித் தரையில் போட்டான். காற்று அதைக் கடலுக்குக் கொண்டுபோயிற்று. முழங்காலிட்டு, கடப்பாரையின் நுனியை அலகின் இடதுபக்கமாக மாற்றி வைத்து, மறுமுனையை ஊழியரோடு சேர்ந்து பிடித்தான். இரண்டு பேருமாக மூச்சைப் பிடித்து நெம்பினார்கள். வடம் ‘டங்’ என்று விடுபட்டது. ஊழியர் மல்லாந்து விழுந்தார். கொக்கி அவர்மேல் விழுந்தான். இருவரும் எழுந்து தளத்தின் ஓரத்துக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே, மூக்கைத் தூக்கிக்கொண்டு அடுத்த எருமை வந்தது.